லிங்கனின் பாக்கெட்டில் இருந்தவற்றைப் பார்க்கப் போன கதை

2024 செப்டம்பரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் முன்னால் போய் நின்றேன். கதவு மூடியிருந்தது. அதன் முக்கியக் கட்டடமான ஜெஃபர்சன் கட்டடத்தில் பார்வையாளர்களுக்கு ஞாயிறும் திங்களும் அனுமதி கிடையாது என்று இணையதளத்தில் தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை. "அம்மா, நுழைவுச்சீட்டு வாங்கினாயா?" என்று மகள் போனில் கேட்டாள். இலவசத்துக்கு எதற்குச் சீட்டு என்று நினைத்திருந்தேன். இலவசம்தான், ஆனால் நேரம் குறித்த சீட்டு வேண்டும். முன்கூட்டியே இணையத்தில் பதியலாம். அன்றன்றைக்கும் காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் விடுவார்கள்.

நான் பார்க்க வந்தது ஒரே ஒரு பொருளை. பொருள் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு மனிதர் கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்பியபோது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போன சில்லறைச் சாமான்கள். 1865 ஏப்ரல் 14 இரவு ஃபோர்டு நாடக அரங்கில் சுடப்பட்டபோது ஆபிரகாம் லிங்கனிடம் இருந்தவை. 2024இல்தான் நூலகத்தில் புதிதாகத் திறந்த காட்சிக்கூடத்தில் அவற்றை வைத்திருந்தார்கள்.

சரி, திங்கட்கிழமையை வீணாக்குவானேன் என்று அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நடந்தேன். அங்கே சீட்டெல்லாம் கேட்பதில்லை. அன்றிரவு அவர் போட்டிருந்த உயரத் தொப்பி மூன்றாவது மாடியில் இருக்கிறது. தொப்பியைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை. அது அலங்காரம் என்றுதான் முதலில் நினைத்தேன். மகன் வில்லிக்காகக் கட்டிய துக்கப் பட்டை அது. 1862 பிப்ரவரியில், வெள்ளை மாளிகையிலேயே காய்ச்சலில் இறந்துபோனான், பதினோரு வயதுப் பையன். அதன்பின் மூன்று ஆண்டு கழித்தும் அந்தப் பட்டையோடுதான் மனிதர் நாடகத்துக்குப் போயிருக்கிறார்.

லிங்கனின் தங்கக் கடிகாரமும் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்புதான். 1861 ஏப்ரலில் அது பழுதுபார்க்கக் கடையில் இருந்தபோது வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டைத் தாக்குதல் பற்றிய செய்தி வந்திருக்கிறது. ஜோனதன் தில்லன் என்ற தொழிலாளி அதைக் கடிகாரத்துக்கு உள்ளேயே கீறிவைத்து மூடிவிட்டார். 2009இல் திறந்து பார்த்தபோதுதான் அந்தக் கீறல் தெரிந்தது. நான்கு ஆண்டுப் போரையும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே நடத்தியவருக்கு அது தெரியாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மகள் போனும் கையுமாக உட்கார்ந்து ஒரு சீட்டைப் பிடித்துவிட்டாள். வாசலில் விமான நிலையம் போலச் சோதனை. கைப்பையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலுக்கு ஒரு விசாரணை. அப்புறம் அந்தப் பளிங்கு மண்டபம். எல்லோரும் அண்ணாந்து கூரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராகக் காட்சிக்கூடத்துக்குப் போனேன். மங்கலான வெளிச்சம். பழைய துணியும் காகிதமும் ஒளி தாங்காதே.

இரண்டு மூக்குக்கண்ணாடிகள், கண்ணாடி துடைக்க ஒன்று, பேனாக்கத்தி, கடிகாரத் தொங்கல், சட்டைக் கைப்பித்தான், சிவப்பு நூலில் பெயர் தைத்த கைக்குட்டை, பழுப்புத் தோல் பர்ஸ். அவ்வளவுதான்.

ஒரு கண்ணாடியின் காதுக்கம்பி கழன்று, அதை நூலால் கட்டியிருக்கிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நாட்டின் ஜனாதிபதி, லட்சக்கணக்கான படைவீரர்களுக்குத் தளபதி, கண்ணாடியை நூல் போட்டுக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். இத்தனைக்கும் அவர் மனைவி மேரி, வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்க ஒதுக்கிய 20,000 டாலரையும் தாண்டிச் செலவழித்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். திரைச்சீலைக்கும் கம்பளத்துக்கும் அத்தனை கொட்டியவர், இந்தக் கண்ணாடியை மாற்றச் சொல்லாமலா இருந்திருப்பார்? சொல்லியிருப்பார். நம் வீடுகளில் நடப்பதுதான் அங்கேயும் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

பர்ஸில் இருந்த பணம் ஒரே ஒரு ஐந்து டாலர் நோட்டு, அதுவும் எதிரியின் நோட்டு. நாட்டைவிட்டுப் பிரிந்துபோய்ப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பு அச்சடித்தது. பத்து நாள் முன்னால்தான் விழுந்துபோன அவர்களுடைய தலைநகர் ரிச்மண்டுக்குப் போய் வந்திருந்தார். அங்கே கிடைத்த ஞாபகார்த்தமாக இருக்கலாம். அதோடு ஒன்பது செய்தித்தாள் நறுக்குகள். தென்தரப்புச் சிப்பாய்களின் அதிருப்தி பற்றி ஒன்று, லிங்கன் மறுபடி தேர்தலில் ஜெயிக்க வேண்டும் என்று இங்கிலாந்து அரசியல்வாதி ஜான் பிரைட் எழுதியது ஒன்று. பத்திரிகைகளில் அவ்வளவு திட்டு வாங்கியவர், தன்னைப் பாராட்டியவற்றை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

இவை மூத்த மகன் ராபர்ட்டிடம் போய், குடும்பத்திலேயே இருந்து, 1937இல் பேத்தி மூலம் நூலகத்துக்கு வந்தன. 1976 பிப்ரவரி 12, லிங்கனின் பிறந்தநாளன்று, அப்போதைய நூலகர் டேனியல் பூர்ஸ்டின் பெட்டியைத் திறந்த பிறகுதான் வெளியுலகம் பார்த்தது. அந்தக் குடும்பமே பூட்டிவைப்பதில் கெட்டி. ராபர்ட் தன் அப்பாவின் காகிதங்களையும் நூலகத்துக்குக் கொடுத்தார், ஆனால் தான் இறந்து 21 ஆண்டு கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1947 ஜூலை 26ஆம் தேதி பிறந்ததுமே, நள்ளிரவில் ஆய்வாளர்கள் கூடி நின்று திறந்தார்கள்.

அந்தக் காகிதங்களையும் பார்த்துவிடலாமே என்று ஆசை வந்துவிட்டது. ஆய்வாளர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை, 16 வயது நிரம்பிய யாரும் வாசகர் அட்டை வாங்கலாம், காசு கிடையாது. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, பாஸ்போர்ட்டோடு எதிரே இருக்கும் மேடிசன் கட்டடத்துக்குப் போனால் போதும். ஜெஃபர்சனிலிருந்து அதற்கு நிலத்தடி வழியே இருக்கிறது. ஒரு படம் எடுத்தார்கள், கையில் அட்டை வந்துவிட்டது. ரேஷன் கார்டில் பெயர் திருத்த அலைந்த எனக்கு, வேறு எதையோ கேட்கப்போகிறார்கள் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கத் தோன்றியது.

கையெழுத்துப் பிரதிகள் பிரிவில் பையும் மேற்கோட்டும் பெட்டகத்தில், பேனா கூடாது, பென்சில் மட்டும். லிங்கன் காகிதங்களின் மூலத்தை எளிதில் எடுத்துத் தருவதில்லை, எல்லாம் படமாக இணையத்திலேயே இருக்கிறது என்று அங்கிருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். மகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம்! என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, லிங்கனின் எழுத்துகள் எட்டுத் தொகுதிகளாக அச்சில் இருப்பதையும் சொன்னார். அதை எடுத்து வைத்துக்கொண்டு மனைவிக்கு எழுதியவற்றை மட்டும் தேடினேன்.

1863 ஜூன், பையன் டாடோடு மேரி வெளியூரில் இருக்கிறார். "டாடின் துப்பாக்கியை எடுத்து ஒளித்து வை, அவனைப் பற்றிக் கெட்ட கனவு கண்டேன்" என்று ஒரு தந்தி. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன். ஆகஸ்ட் 8இல் இன்னொரு கடிதம். அந்த உள்நாட்டுப் போரின் பெரும் சண்டையான கெட்டிஸ்பர்க் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதில் டாட் வளர்த்த ஆட்டைக் காணோம் என்று எழுதுகிறார். நீங்கள் ஊருக்குப் போன அன்று அது டாடின் படுக்கை நடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது, இப்போது காணவில்லை, பையனிடம் சொல்லிவிடு என்கிறார். ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் எழுதியது போல இருந்தது.

பென்சிலால் அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். வெளியே போகும்போது நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்கள், ஆட்டைப் பற்றி நான் தமிழில் எழுதியிருந்தது உட்பட. திருப்பிக் கொடுத்துவிட்டு நல்ல நாளாக அமையட்டும் என்றார்கள்.

ஃபோர்டு அரங்குக்கும் போனேன். எதிர்வீட்டில் அவர் இறந்த அறையில் இருப்பது அசல் கட்டில் இல்லை, அசல் சிகாகோவில் இருக்கிறது. அவர் உயரத்துக்குக் குறுக்காகத்தான் படுக்கவைக்க முடிந்ததாம். மகள் அடுத்த முறை சிகாகோ போகலாம் என்கிறாள். இந்தத் தடவை கிழமையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.