கணையத்துக்குப் போகும் ரத்தமும் அதைச் சுருக்கும் பெப்டைடுகளும்

உடலியங்கியல் வகுப்பில் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியே இந்தப் பதிவுக்குக் காரணம். ரத்த நாளங்களைச் சுருக்கும் எண்டோதெலின் என்ற பெப்டைடு (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி) இன்சுலின் சுரப்பைக் கூட்டும் என்று ஒரு கட்டுரையிலும், கணையத்துக்குக் கேடு செய்யும் என்று இன்னொரு கட்டுரையிலும் படித்துவிட்டு, எதை நம்புவது என்று கேட்டாள். இரண்டையும் நம்பலாம், ஆனால் எதில் வைத்து அளந்தார்கள் என்பதை முதலில் பார் என்று சொன்னேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்ததால், இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கணையத்தின் எடையில், இன்சுலின் சுரக்கும் செல்கூட்டங்களான லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம்தான். ஆயினும் கணையத்துக்கு வரும் ரத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. ரத்தத்தின் சர்க்கரை அளவை நொடிக்கு நொடி உணர்ந்து, சுரந்த இன்சுலினை உடனே உடலுக்கு அனுப்ப வேண்டிய செல்கள் அவை என்பதால் இந்தத் தாராளம் தேவைப்படுகிறது. செரிமான நொதிகளைச் சுரக்கும் பகுதியின் நிலை வேறு. அங்குள்ள மிக நுண்ணிய தமனிகள் பலவற்றுக்கு மாற்றுப் பாதை கிடையாது. ஒன்று அடைபட்டாலோ இறுகினாலோ, அது ஊட்டும் சிறு பகுதி பட்டினி கிடக்க நேரிடும்.

எண்டோதெலின்-1 என்பது 21 அமினோ அமிலங்களால் ஆன பெப்டைடு. ரத்த நாளங்களின் உட்சுவர்ச் செல்களே சுரக்கும் இதை 1988-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் யானகிசாவா, மசாக்கி குழுவினர் பன்றியின் பெருந்தமனிச் செல்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். (ஒருவகை வளைவாழ் பாம்பின் நஞ்சிலுள்ள சாரஃபோடாக்சின் என்ற பெப்டைடு அமைப்பில் இதற்கு மிக நெருங்கியது என்பதை ஒவ்வொரு ஆண்டும் வியப்போடுதான் வகுப்பில் சொல்கிறேன்.) தனியே பிரித்தெடுத்த திட்டுகளின்மேல் இதை ஊற்றினால், குளுக்கோஸ் இருக்கும் நிலையில் இன்சுலின் சுரப்பு கூடுகிறது. அந்தத் திட்டுகளில் ரத்த ஓட்டமே இல்லை. பெப்டைடு நேரடியாக, திட்டுகளில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லோடு பேசுகிறது. உயிருள்ள எலிக்குச் செலுத்தினாலோ, எண்டோதெலினைப் பற்றிக்கொள்ளும் செல் புரதங்களில் ஒன்றான ஏ வகை ஏற்பியின் வழியே நாளங்கள் இறுகி, திட்டுகளுக்கு வரும் ரத்தம் குறைகிறது. மாணவி கண்ட முரண்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கணைய அழற்சியில் இது இன்னும் சிக்கலாகிறது. வெறும் வீக்கமாகத் தொடங்கும் அழற்சி திசு அழுகும் அளவுக்கு முற்றுவதில், நுண்நாள ரத்த ஓட்டம் கெடுவதற்குப் பெரிய பங்கு உண்டு. விலங்குச் சோதனைகளில் எண்டோதெலின் அந்த நிலையை மோசமாக்கியதாகவும், அதன் ஏற்பியைத் தடுத்தபோது சேதம் குறைந்ததாகவும் பல ஆய்வுகள் காட்டின; எண்டோதெலின் கணையத்தைக் காத்தது என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. எண்டோதெலினின் இன்னொரு ஏற்பியான பி வகை, நாளச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடச் செய்து நாளத்தை விரிக்கவும் வல்லது என்பதை நினைவில் கொண்டால், அளவும் நேரமும் மாறும்போது முடிவும் மாறுவதில் எனக்கு வியப்பில்லை. ஏற்பித் தடுப்பு மருந்துகள் மனிதர்களின் கணைய அழற்சிக்கான சிகிச்சையாக நிலைபெறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாளங்களைச் சுருக்கும் இன்னொரு பெப்டைடான ஆஞ்சியோடென்சின்-2 எட்டே அமினோ அமிலங்கள் கொண்டது. இதை ஆக்கும் அமைப்பின் கூறுகள் கணையத்துக்குள்ளேயே இருக்கின்றன. எலிக் கணையத்தில் இது திட்டுகளின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, இன்சுலின் சுரப்பின் முதல் அலையைத் தாமதப்படுத்தியது. வாசோப்ரெசினும் நியூரோபெப்டைடு ஒய்யும் இதே வரிசையில் வருபவை: முன்னது வயிற்று உறுப்புகளின் நாளங்களைச் சுருக்கினாலும் திட்டுகளில் நேரடியாக இன்சுலினையும், ரத்தச் சர்க்கரையைக் கூட்டும் குளுக்ககானையும் தூண்டக்கூடியது, பின்னது பரிவு நரம்புகளிலிருந்து வந்து இன்சுலினை அடக்குவது.

நாளத்தையும் பீட்டா செல்லையும் தாண்டி மூன்றாவது இலக்கு ஒன்றும் உண்டு. கணையத்தின் விண்மீன் வடிவச் செல்கள் தூண்டப்படும்போது நார்த்திசுவைப் படியவிடுகின்றன. எண்டோதெலினும் ஆஞ்சியோடென்சினும் அவற்றைத் தூண்டுபவை. நாள்பட்ட அழற்சியில் கணையம் தழும்பேறி இறுகுவதைப் புரிந்துகொள்ள, ரத்த ஓட்டத்தைவிட இந்த வழியே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

ஆஞ்சியோடென்சினின் செயலைத் தடுத்தால் நீரிழிவு தள்ளிப்போகுமா என்பதை மனிதர்களிடமே சோதித்தது, 2010-இல் வெளியான நேவிகேட்டர் ஆய்வு. குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்த 9,306 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் வால்சார்ட்டன் என்ற மருந்தை எடுத்தவர்களில் 33.1 சதவீதத்தினருக்கும் மருந்தற்ற மாத்திரை எடுத்தவர்களில் 36.8 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. இந்தச் சிறு வேறுபாட்டில் கணையத்தின் ரத்த ஓட்டத்துக்கு எவ்வளவு பங்கு, தசைகள் இன்சுலினை ஏற்கும் திறனுக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.