கழுத்துக் கறுப்பு

போர் முடிந்து சனம் மீள்குடியேறிய காலத்தில்தான் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக வேலைக்குப் போனேன். மரக்கொப்பில் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளை நிறுப்போம். அப்படி நிறுத்தவர்களில் ஒருவன் 2009இல், இடம்பெயர்ந்திருந்த நேரத்தில், 2.1 கிலோவில் பிறந்தவன். தாய்க்கே சரியான சாப்பாடு இல்லை. பால் காணாது என்று அம்மம்மா சூப்பிப் போத்தலில் பால்மா கரைத்து, சீனியும் போட்டுக் கொடுத்தார். சில மாதங்களில் அட்டையில் நிறைக்கோடு விறுவிறென்று ஏறியது. "நல்லாத் தேறிட்டான்" என்று சந்தோஷப்பட்டவள் நான்தான்.

அதே தாய் பிறகு கைக்குழந்தையோடு கிளினிக்குக்கு வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் அவன். வயது 14, நல்ல பருமன்.

"கழுத்தில ஊத்தை போகுதில்லை மிஸ். தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்திட்டன்" என்று மகனைக் காட்டினார் தாய்.

அது ஊத்தை இல்லை. இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாதபோது தோல் மடிப்பில் படிகிற கறுப்பு. எனக்கு நெஞ்சு திக்கென்றது.

போத்தல்தான் காரணம் என்று அவனைக் காட்டிச் சொல்ல மாட்டேன். பெலாருஸில் சுமார் 17,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். தாய்ப்பாலூட்ட ஊக்கம் கொடுத்த இடத்துப் பிள்ளைகளுக்கும் 11 வயதில் பருமன் குறைந்திருக்கவில்லை. ஆனால் ஐரோப்பாவில் புரதம் கூடிய பால்மா குடித்தவர்கள், புரதம் குறைந்ததைக் குடித்தவர்களைவிட 6 வயதில் பருமனாக இருந்தார்கள். தாய்ப்பாலில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம், பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். நிறை குறைந்து பிறந்து, பிறகு மளமளவென்று கொழுக்கிற பிள்ளைக்குப் பின்னாளில் சீனி வருத்தம் வரும் ஆபத்துக் கூட. இவன் கதையில் இரண்டுமே இருந்தது. அன்றைக்கு நான் பார்த்தது நிறையை மட்டும்.

இப்போது கிளினிக்கில் குழந்தை எப்படிக் குடிக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். தாயிடம் குடிக்கிற பிள்ளை வயிறு நிறைந்ததும் தானே வாயை எடுத்துவிடும். போத்தலில் மிச்சம் கிடந்தால் பெரியவர்களுக்கு மனசு கேட்காது, அப்புறம் அதையும் பருக்கித்தான் விடுவார்கள்.

அன்றைக்கு அந்தக் கைக்குழந்தையும் குடித்து முடித்து, கடைவாயில் பால் வழியக் கண் சொருகியது. தாய் திரும்பவும் வாயில் வைக்கப் போனார்.

"விடு தங்கச்சி, அவளுக்குக் காணும்" என்றேன். பிறகு தமையனைக் கூப்பிட்டு, வெறும் வயிற்றில் இரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தேன்.