தெருவுக்கு ஒரு செண்பகம்

கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூவனநாதர் கோயிலில் இருப்பவள் செண்பகவல்லி அம்மன். அதனால் என் வயசுக்காரிகளில் தெருவுக்கு ஒரு செண்பகமாவது இருப்பாள். வகுப்பில் எங்களை இனிஷியல் வைத்துத்தான் பிரிப்பார்கள். நான் ‘எஸ். செண்பகம்’. தென்காசிப் பக்கம் போனால் குற்றாலத்தில் செண்பகாதேவி, அருவியும் அவள் பெயரில்தான்.

பூவுக்கும் வயசு அதிகம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் ‘பெருந்தண் சண்பகம்’ உண்டு. வங்காளத்தில் இதே பூதான் சம்பா. அங்கேயும் அதைப் பெண்களுக்குப் பெயராக வைக்கிறார்கள்.

பூவைப் பார்த்திருக்கிறீர்களா? வெளிர் ஆரஞ்சு மஞ்சளில் ஒல்லி ஒல்லியாக இதழ்கள். மல்லி மாதிரி சரம் தொடுக்க வேண்டாம், சடையில் ஒன்றைச் செருகினால் போதும், பஸ் முழுக்க மணக்கும். சாயங்காலத்துக்குள் இதழ் ஓரம் கறுத்துவிடும். அப்பவும் ஆச்சி எறிய மாட்டாள், டிரங்குப் பெட்டிச் சேலைக்கு நடுவே வைப்பாள்.

இப்போது பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை யாரும் வைப்பதாகத் தெரியவில்லை. ‘ஷ்’, ‘ஸ்ரீ’ இல்லாமல் பெயரே கிடையாது போல. என் தம்பி மகளுக்கு நான் செண்பகம் என்றேன். யாழினி வைத்தார்கள். சரி, அதுவும் நல்ல பெயர்தான். ஆச்சி மட்டும் அவளைச் செண்பகம் என்றே கூப்பிடுகிறாள், பிள்ளையும் திரும்பிப் பார்க்கிறது.