தர்மபுரியில் பேஸ் கிடார்: நாட்குறிப்பு

மார்ச் 12

வெயில் ஏறிவிட்டது. இந்த ஊர் வறட்சியில் கிடாரின் மரம் ஈரம் இழந்து நெக் (கழுத்துப் பகுதி) நிமிர்கிறது. முதல் நாலைந்து ஃப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) ஸ்ட்ரிங் 'ஜர்'ரென்று உரசினால் பெரும்பாலும் இதுதான் காரணம். உடனே பிரிட்ஜை (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) ஏற்றுவது வீண் வேலை.

முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசி ஃப்ரெட்டை விரலால் அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் ஈ ஸ்ட்ரிங்குக்கும் (மிகத் தடித்த கம்பி) நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். 0.3 மி.மீ. இருந்தால் சரி. குறைவாக இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே ஓடி வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மறுபடி ட்யூன் செய்து, ஒரு ராத்திரி விட்டு அளக்க வேண்டும். மரம் உட்கார நேரம் எடுக்கும். அதைத் திருப்பும் சாவி இறுகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ராட் முறிந்தால் நெக்கே போயிற்று.

மார்ச் 13

கால் சுற்றே போதும், 0.3 வந்துவிட்டது. 45-65-85-105 (நான்கு கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) புது செட் மாட்டியாயிற்று. இன்டொனேஷனை (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) புது ஸ்ட்ரிங்கில்தான் பார்க்க வேண்டும். வியர்வையும் அழுக்கும் ஏறிய கம்பி சீராக அதிராது. 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டு) பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு.

ஏப்ரல் 6

இன்று முழுக்க ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டுடியோ பேஸ் கலைஞர். 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், ஃப்ளாட்வவுண்ட் (மேலே தட்டையான கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங், வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றே. ராக் பேஸ் வாசிக்க வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியவர் இவர். 1960களில் அவர் வாசித்த இசைத்தட்டுகளில் அவர் பெயரே அச்சாகவில்லை. 1983இல் இறந்தார்; ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2000இல். நம் பக்கத்துக் கச்சேரி நோட்டீஸிலும் பாடகர் பெயர்தான் வருகிறது. அது மாற வேண்டும்.

ஜூன் 15

டிரம்மரோடு ஒத்திகை. மெட்ரோநோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) 2, 4 தட்டுகளில் மட்டும் விழும்படி வைத்தால் தாளம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். சுரம் கிக்கோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) தொடங்குவதை எல்லோரும் கவனிக்கிறார்கள், முடிவதை யாரும் கவனிப்பதில்லை. ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் கூர்மையான ஒலியுள்ள டிரம்) அடி விழும்போது இடக்கை விரலைத் தளர்த்தி சுரத்தை அறுத்தால் ஸ்னேர் பளிச்சென்று எழும். விரலை முழுக்க எடுத்துவிடக் கூடாது, ஓப்பன் ஸ்ட்ரிங் முனகும்.

ஆகஸ்ட் 2

ஆடி மாதம், அம்மன் கோயில் மேடை, ஜெனரேட்டர். 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் டி.ஐ. பாக்ஸில் (பேஸின் ஒலியை மிக்சருக்கு அனுப்பும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் (ஒலி வயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும்) பொத்தானைத் தட்டிப் பார்க்கலாம். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. கை ஸ்ட்ரிங்கில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் உயிரே போகலாம்.

ஓப்பன் ஈ 41 ஹெர்ட்ஸ். அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். மேடையில் மெலிந்து கேட்பது பந்தலின் கடைசி வரிசையில் குமுறலாம். அதனால் சவுண்ட் செக்கில் நீள வயர் போட்டு, இறங்கி நடந்து கேட்க வேண்டும். சிறிய ஸ்பீக்கர்கள் 41ஐத் தராது. 80-100 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் ஏற்றி, 200-250ஐக் குறைத்தால் சுரம் தெளியும். பாடகர் மைக்குகளில் லோ கட் (தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வசதி) போடச் சொல்ல வேண்டும்.

ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் மின்சுற்று உள்ளது) என்றால் இடைவேளையிலும் வயரைப் பிடுங்கி வைக்க வேண்டும். ஜாக் செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.