காய்ச்சல்காரரின் உடலில் ஒரு கறுப்புப் பொருக்கு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் புறநோயாளிப் பிரிவின் வரிசையில் காய்ச்சல்காரர்களே அதிகம் நிற்பார்கள். அவர்கள் கையில் உள்ள ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லோரும் முதலில் தேடுவது பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான். அது ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் டெங்கு என்று வீட்டாரே முடிவுகட்டி, பப்பாளி இலைச் சாற்றுக்கு ஆள் அனுப்பிவிடுகிறார்கள். டெங்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டாலோ, அது ‘மர்மக் காய்ச்சல்’ ஆகிவிடுகிறது. பொது மருத்துவ வார்டில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில், அந்த மர்மத்துக்குள் பலமுறை ஒளிந்திருக்கும் ஒரு நோயைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. அதன் பெயர் ஸ்க்ரப் டைபஸ். நம் ஊர்ப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள்.

காய்ச்சல் என்பது நோயின் வெளி அடையாளம் மட்டுமே. உள்ளே இருப்பது எந்த நோய் என்பதைக் கூட வரும் மற்ற அறிகுறிகளைக் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும். டெங்குவில் காய்ச்சல் திடீரென்று உயர்ந்து, கண்ணுக்குப் பின்னால் வலி எடுக்கும். காய்ச்சல் இறங்கும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலான காலம்தான் அதில் ஆபத்தானது என்பதால், உடல் சூடு தணிந்த பிறகு வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் சோர்வும் வந்தால் அந்த நோயாளியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சிக்குன்குனியா மூட்டுகளை முடக்கிப்போடும். எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும், கண்கள் சிவக்கும், முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் சேரும். டைபாய்டு படிப்படியாக ஏறி, விடாமல் நீடிக்கும். அதை முதல் வாரத்தில் ரத்தக் கல்ச்சர் மூலம், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து, உறுதிசெய்வதே முறை என்றாலும், ரத்தத்தில் எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விடால் பரிசோதனை ஒன்றை நம்பி டைபாய்டு என்று எழுதிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

உண்ணிக் காய்ச்சலை உண்டாக்குவது ஓரியன்டியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா. அதைப் பரப்புவது, மாட்டின் காதிலும் மடியிலும் நாம் பார்க்கும் உண்ணி அல்ல. கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய ஒருவகைப் பூச்சியின் இளம்புழுதான் அதைப் பரப்புகிறது. செம்மஞ்சள் நிறமுள்ள அந்த இளம்புழு ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இராது. புதரிலும் வரப்புப் புல்லிலும் காத்திருந்து, பெரும்பாலும் எலிகள் மீதும், வழியில் அகப்பட்டால் மனிதர் மீதும் ஏறித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அது உறிஞ்சுவது ரத்தத்தை அல்ல, தோலின் திசு நீரை. கடித்தது வலிப்பதில்லை, பெரும்பாலும் அரிப்பதுமில்லை. அதனால் கடிபட்டவருக்குக் கடிபட்ட நினைவே இருப்பதில்லை. தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குக் கிருமி போய்ச்சேர்வதால், ஓர் இடத்தில் இந்த நோய் வேரூன்றிவிட்டால் அங்கிருந்து எளிதில் நீங்குவதில்லை.

கடித்த ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். அதற்கு முன்பே கடித்த இடத்தில் ஒரு சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, நடுவில் கறுத்த பொருக்காகக் காய்ந்து, சுற்றிலும் சிவந்த விளிம்போடு நிற்கும். பீடி நெருப்பு சுட்ட புண் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் என்றால் எவருக்கும் விளங்கும். இந்தப் பொருக்குதான் இந்நோயின் கைரேகை. பார்த்துவிட்டால் ஆய்வகத்தின் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடலாம். ஆனால், பூச்சி பிடித்துக்கொள்ளும் இடங்கள் எல்லாம் மறைவானவை: அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம், பிட்டம். ஆடை இறுக்கிக் கட்டும் இடத்தையும் அது விடுவதில்லை. மாட்டுக்குப் புல் அறுக்கும் மூதாட்டி ஒருவர் காய்ச்சலோடும் மூச்சிரைப்போடும் எங்கள் வார்டுக்கு வந்தபோது, உடம்பில் புண் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றே உறுதியாகச் சொன்னார். திரையை இழுத்துவிட்டு, பாவாடை நாடா பதிந்த தடத்தை டார்ச் வெளிச்சத்தில் தடவிப் பார்த்தபோது, இடுப்பின் பின்பக்கம், அவர் கண்ணுக்கு ஒருநாளும் தெரிய முடியாத இடத்தில், மிளகைவிடச் சற்றே பெரிய பொருக்கு ஒன்று இருந்தது. தொட்டால் அவருக்கு வலிக்கவே இல்லை. ஆண்களிடம் அரைஞாண் கயிற்றின் கீழும் விதைப்பையின் தோலிலும் கண்டிருக்கிறேன். அக்குள் போன்ற ஈரமான இடங்களில் பொருக்கு உதிர்ந்து வெறும் வட்டப் புண்ணாக நிற்பதும் உண்டு. அருகில் நெறிகட்டியிருந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் ஓரிரு நிமிடங்களில் எவரும் உடலை முழுவதும் பார்ப்பதில்லை. மறைவுத் திரைகூட இல்லாத அறையில் ஒரு பெண்ணிடம் ஆடையைத் தளர்த்தச் சொல்லவும் முடியாது. விலை கூடிய கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு திரை, ஒரு டார்ச், உடன் நிற்க ஒரு செவிலியர், ஐந்து நிமிடப் பொறுமை ஆகியவை இருந்தால் போதும். ஆனாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பொருக்கு எல்லோரிடமும் இராது. வேலூர்ப் பகுதியில் ஏறக்குறைய பாதி நோயாளிகளிடமே அது காணப்படுவதால், பொருக்கு இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆய்வகத் தாளும் ஏமாற்றக் கூடியது. இந்நோயிலும் பிளேட்லெட் இறங்கும், கல்லீரல் நொதிகள் உயரும், டெங்குவிலும் அப்படித்தான். டெங்குவில் வெள்ளணுக்கள் குறைவது வழக்கம், இதிலோ அவை இயல்பான அளவில் இருக்கும் அல்லது கூடியிருக்கும் என்பது ஒரு சிறு துப்பு. ஒரு வாரம் கடந்தும் காய்ச்சல் விடாமல், தலைவலியோடு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்க வேண்டும். கிருமி ரத்தக் குழாய்களின் உட்சுவர் அணுக்களுக்குள் புகுந்து பெருகுவதால் நோய் ஓர் உறுப்போடு நிற்பதில்லை. நுரையீரலில் நீர் கோத்துச் செயற்கைச் சுவாசம் வைக்க நேரலாம், மூளை உறையில் அழற்சி வந்து மயக்கமும் வலிப்பும் தோன்றலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம். இக்கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம் என்றாலும், முதல் சில நாட்களில் நோய் இருந்தும் இல்லை என்று அதில் வரக்கூடும்.

இவ்வளவு கொடிய நோய்க்கு மருந்து மிக மலிவானது என்பதே என்னை ஒவ்வொரு மழைக்காலத்திலும் உறுத்துவது. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடப்படும் செப்ட்ரியாக்சோன் ஊசி எத்தனை போட்டாலும் இந்தக் கிருமி அசையாது. அந்த வகை மருந்துகள் பாக்டீரியாவின் வெளிச்சுவரைத் தாக்குபவை; ஓரியன்டியாவுக்கோ அப்படிப்பட்ட சுவர் இல்லையென்றே சொல்லலாம், போதாததற்கு அது நம் அணுக்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. தனியார் மருத்துவமனை ஒன்றில் நாள்கணக்கில் அந்த ஊசிகள் ஏறியும் காய்ச்சல் தணியாமல், உதடு நீலம்பாய எங்களிடம் கொண்டுவரப்பட்ட இளைஞர் ஒருவரின் அக்குளில் பொருக்கைக் கண்டபோது எனக்கு ஆறுதலைவிடக் கோபமே மிகுந்தது. டாக்சிசைக்ளின் மாத்திரையை நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும் என்பதையும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது என்பதையும் சொல்லியனுப்ப மறக்கக் கூடாது; இல்லையெனில் உணவுக்குழாயில் புண் உண்டாகும்.

நோய் முற்றி வருபவர்களுக்கு எந்த மருந்து சிறந்தது என்ற கேள்விக்கு விடை நம் ஊரிலிருந்தே கிடைத்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்த ஆய்வு 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பூசியாகக் கொடுத்தபோது, மரணம், நீங்காத சிக்கல்கள், தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் 33 விழுக்காட்டினர். ஒரே மருந்தை மட்டும் பெற்றவர்களிடையே அது 47, 48 விழுக்காடு. உயிரிழப்பை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அவ்வளவு வேறுபாடு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு வரை வந்துவிட்டவர்களை மீட்பது எந்த மருந்துக்கும் கடினம் என்பதையே நான் இதில் காண்கிறேன்.

வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை பக்கத்துக் கிராமங்களில் மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் முடியும் வரை இந்நோய் மிகுதி. யாழ்ப்பாணத்திலும் மழைக்காலத்தை ஒட்டி இது வருகிறது. விறகு பொறுக்குபவர்கள், புல் அறுப்பவர்கள், நூறு நாள் வேலையில் புதர் வெட்டுபவர்கள், வெளியே திறந்தவெளியில் ஒதுங்குபவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம் என்றாலும், வீட்டுமனைக்கு நடுவே புதர் மண்டிக் கிடக்கும் நகர விளிம்புகளும் விலக்கல்ல. வேலை முடித்து வந்தவுடன் துணியை மாற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பதும், துவைத்த துணியைப் புல்மேல் காயப்போடாமல் கொடியில் போடுவதும், வீட்டைச் சுற்றிப் புதரையும் எலியையும் சேரவிடாமல் பார்த்துக்கொள்வதும் உதவும். தடுப்பூசி இன்னும் இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம், ஏனெனில் கிருமியில் பல வகைகள் உள்ளன, கிடைக்கும் எதிர்ப்பும் நீண்ட நாள் நிற்பதில்லை. ஐந்து நாளைக் கடந்தும் காய்ச்சல் நீடிக்கும் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் முன், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, அவருக்கு நெருக்கமான ஒருவர் தலைமுடியின் அடிப்பாகம் முதல் கால்விரல் இடுக்கு வரை பார்த்துவிட்டு, கறுத்த பொருக்கு ஏதேனும் தென்பட்டால் அந்த இடத்தை மருத்துவரிடம் தாமே முதலில் காட்டிவிடுங்கள்.