ஹெர்மீஸின் முதுகு

ஏதென்ஸில் காலை பஸ் ஏறி, பிர்கோஸில் வண்டி மாறி, பழைய ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த ஒலிம்பியா போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. இடிபாடுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டேன்.

கிரேக்கக் கடவுள்களின் தூதன் ஹெர்மீஸின் சிலைக்கு அங்கே தனி அறை. ஆள் ஏழடி உயரம், பாரோஸ் தீவுப் பளிங்கு. இடது கையில் குழந்தை டயோனிசஸ், பின்னாளில் மதுவின் கடவுள். வலது கை பாதியோடு நிற்கிறது. அந்தக் கையில் திராட்சைக் குலை இருந்திருக்கும் என்கிறார்கள். இல்லாத பழத்துக்காகக் குழந்தை இன்னும் எக்கிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால், குழந்தை அவ்வளவு அழகில்லை. சின்ன உடம்பில் பெரிய மனிதர் முகம்.

பக்கத்தில் ஒருவர் அதே மாதிரி இடுப்பை ஒடித்து நின்று படமெடுக்கப் பார்த்தார். காவலாளி ஓடிவந்து தடுத்தார். சிலையோடு 'போஸ்' கொடுக்கக் கூடாதாம்.

நான் பின்பக்கம் போனேன். முன்னால் மெழுகுபோல் வழுவழுவென்றிருந்த பளிங்கு, முதுகில் அப்படி இல்லை. உளி இழுத்த தடங்கள் அப்படியே இருக்கின்றன. சுவரோரம் நிற்கப்போகிற சிலையின் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ! இது பழங்காலக் கிரேக்கச் சிற்பி பிராக்சிடிலீஸ் செதுக்கியதே அல்ல, பிற்கால நகல் என்று வாதிடும் அறிஞர்கள் இந்த முதுகையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். பிராக்சிடிலீஸின் பெயரைச் சொல்லி, தேவராணி ஹீராவின் கோயிலில் இந்தச் சிலை இருந்ததாக எழுதிவைத்தவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பவுசானியஸ். 1877இல் ஜெர்மானியர்கள் தோண்டியபோது, அவர் சொன்ன அதே கோயிலில்தான் கிடைத்தது. முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் இக்காலத்தில் ஒட்டவைத்தது. வலது பாதம் மட்டும் செருப்போடு அசல்.

வேடிக்கை என்னவென்றால், டயோனிசஸ் ஹீராவின் கணவன், தேவராஜன் சீயஸுக்கு வேறொருத்தி பெற்ற பிள்ளை. மூத்தவள் ஹீராவின் கோபத்துக்குத் தப்ப வைக்கத்தான் ஹெர்மீஸ் அவனை வனதேவதைகளிடம் தூக்கிக்கொண்டு போகிறான். கடைசியில் இருவரும் நின்றது அவள் வீட்டிலேயே!

சாயங்காலம் அந்தக் கோயிலுக்குப் போனேன். ஒலிம்பிக் சுடர் ஏற்றும் இடம் முன்னாலேயே இருப்பதால் கூட்டமெல்லாம் அங்கே. உள்ளே சுவரின் அடிக்கல் வரிசை மட்டும் மிச்சம். அதற்கு மேலே இருந்தது பச்சைச் செங்கல் சுவர். அது கரைந்து சரிந்த களிமண்தான் விழுந்து கிடந்த ஹெர்மீஸை மூடி, பளிங்கைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாய்க்குப் போகாமல் காப்பாற்றியது. குனிந்து கொஞ்சம் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அதற்குள் மூடும் நேரம் என்று விசில் ஊதிவிட்டார்கள்.