உச்சந்தலையில் ஒரு வரப்பு

என் மகனுக்கு இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் காலை நீட்டி அமர்ந்து அவனைக் குளிப்பாட்டிய என் அம்மா, எண்ணெய் தேய்த்த விரல்களை நடு உச்சியில் நிறுத்தி, “இங்க வரப்பு மாதிரி தட்டுதுப்பா, தொட்டுப் பாரு” என்றார். உச்சிக்குழிக்குப் பின்னால் தொடங்கிப் பிடரியை நோக்கி ஒரு மெல்லிய எலும்பு மேடு ஓடியது. தலை ஒடுங்கி நீண்டு, மேலிருந்து பார்க்கையில் தோணியைப் போலத் தெரிந்தது.

முதலில் பார்த்த மருத்துவர், உச்சிக்குழி திறந்துதான் இருக்கிறது, வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாள்தோறும் தலையைப் பிடித்துவிட்டால் உருண்டையாகிவிடும் என்றார்கள் உறவினர்கள். அப்படியே மூன்று மாதங்கள் போயின. அந்த மூன்று மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பன்று. பல எலும்புத் தகடுகள், தையல் எனப்படும் இணைப்புகளால் சேர்ந்து, மூளை வளர வளர விலகி இடம் கொடுக்கின்றன. சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இந்தத் தையல்களில் ஒன்றோ பலவோ காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்கின்றன. எங்கள் மகனுக்கு ஒட்டியது, உச்சியின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் நடுத்தையல்; இவ்வகையில் அதிகம் காணப்படுவதும் அதுவே. அகலவாட்டில் வளர முடியாத தலை நீளவாட்டில் வளர்கிறது. உச்சிக்குழி திறந்திருந்தாலும் நடுத்தையல் ஒட்டியிருக்கலாம். ஒட்டிய எலும்பை எந்தக் கையும் பிடித்துவிட்டுப் பிரிக்க முடியாது. ஒரே பக்கமாகப் படுத்துப் பின்தலை தட்டையாவது வேறு. அதற்குக் கத்தி வேண்டாம். படுக்கும் பக்கத்தை மாற்றி, விழித்திருக்கையில் கண்பார்வையில் குப்புறப் போட்டு வந்தால் பெரும்பாலும் சீராகும்.

புதுச்சேரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது அவனுக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. மூன்று, நான்கு மாதங்களுக்குள் வந்திருந்தால் சிறு கீறல்கள் வழியே, எண்டோஸ்கோப் எனும் கேமரா பொருத்திய மெல்லிய குழாயைக் கொண்டு ஒட்டிய எலும்பை எடுத்துவிட்டு, பிறகு சில மாதங்கள் ஹெல்மெட் அணிவித்துத் தலையை வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை இருந்ததாம். எங்களுக்கு அது கைநழுவிப் போயிருந்தது.

எட்டாம் மாதத்தில் திறந்த அறுவை சிகிச்சை நடந்தது. தழும்பு முடிக்குள் மறையும்படி காதிலிருந்து காதுவரை நெளிநெளியாகக் கீறி, எலும்பை எடுத்துத் திருத்தி, நாளடைவில் உடலிலேயே கரைந்துவிடும் தகடுகளால் பொருத்தினார்கள். எட்டுக் கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 640 மில்லிதான் என்பதால், இதில் 100 மில்லி இழப்பதே பெரிது. முன்கூட்டியே ரத்தம் ஏற்பாடு செய்ததன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. மறுநாள் இமைகள் வீங்கி அவனால் கண் திறக்க முடியவில்லை. என் மனைவியின் வளையல் ஓசை வந்த பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மாலை இடது கண் ஒரு கோடாகத் திறந்தது.

இப்போது ஒன்றரை வயது. மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறதா என்று அறிய, தலைச்சுற்றளவை அளப்பதோடு கண் நரம்பையும் பார்க்கிறார்கள். அடுத்த மாதம் மீண்டும் புதுச்சேரிக்குப் போக வேண்டும்.